பனியுடைப்புக் கப்பல்களுக்குப் பராமரிப்பு நிதியும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா தனது கடலோரக் காவல் படைக்கு 2025ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,500 கோடி டாலர் ஒதுக்கியதையும், அதில் 400 கோடிக்கும் மேற்பட்ட தொகை துருவக் கடல்களுக்கான கனரகப் பனியுடைப்புக் கப்பல்களுக்குப் போவதையும் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை புதிய கப்பல்கள் வரும் என்பதை விரிவாகச் சொன்ன அந்தச் செய்தி, உலகின் பெரும் பணக்கார நாடொன்று இந்த வகையில் ஒற்றைக் கப்பலை நம்பி நிற்கும் நிலைக்கு எப்படி வந்தது என்பதைத் தொடவில்லை. வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பகுதியைத்தான் நம் வாசகர்கள் முக்கியமாக அறிய வேண்டும் என்று கருதுகிறேன். ஏனெனில் நம் நாடும் இப்போது தன் முதல் துருவ ஆய்வுக் கப்பலைக் கட்டத் தொடங்கும் கட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் 'போலார் ஸ்டார்', 'போலார் சீ' என்ற இரட்டைக் கனரகப் பனியுடைப்புக் கப்பல்கள் 1970களின் பிற்பாதியில் சியாட்டிலில் கட்டப்பட்டுப் பணியில் சேர்ந்தன. டீசல்-மின் இயக்கத்தோடு 75,000 குதிரைத்திறன் தரும் எரிவாயு டர்பைன்களும் கொண்ட இக்கப்பல்கள், ஆறடிப் பனியை நிற்காமல் உடைத்துச் செல்லும். பின்வாங்கி மோதினால் இருபத்தோரு அடிப் பனியையும் உடைக்கும். இவற்றுக்கு வகுக்கப்பட்ட ஆயுள் 30 ஆண்டுகள். அந்த ஆயுள் முடியும் காலம் கட்டிய நாளிலேயே தெரிந்திருந்தும், மாற்றுக் கப்பலுக்கான பணம் உரிய காலத்தில் ஒதுக்கப்படவில்லை.

2006ஆம் ஆண்டில் இன்னொரு தவறும் நேர்ந்தது. கப்பல்கள் கடலோரக் காவல் படையின் கையில் இருக்க, அவற்றை இயக்கவும் பராமரிக்கவும் வேண்டிய பணம் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கணக்குக்கு மாற்றப்பட்டது. ஆய்வுக்குப் பணம் கொடுக்க உருவான ஓர் அமைப்பு, ஆண்டுதோறும் பெருகும் கப்பல் பழுதுச் செலவை எப்படி விரும்பி ஏற்கும்? சில ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு மீண்டும் படையிடமே வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் போலார் ஸ்டார் துறைமுகத்தில் ஓய்வாகக் கட்டி வைக்கப்பட்டுவிட்டது. 2010இல் போலார் சீயின் டீசல் எஞ்சின்களில் சிலிண்டர்கள் அளவு மீறித் தேய்ந்து போனதால் அதுவும் நின்றது. பிறகு அது பனிக்கடலுக்குத் திரும்பவே இல்லை. பல கோடி டாலர் செலவில் போலார் ஸ்டாரைச் செப்பனிட்டு 2013 வாக்கில் மீண்டும் பணிக்குக் கொண்டுவந்தார்கள். அன்று முதல் அதற்கு வேண்டிய உதிரிபாகங்கள் பல, உடன்பிறந்த கப்பலிலிருந்தே கழற்றி எடுக்கப்பட்டன. தயாரித்த நிறுவனங்களே கைவிட்டுவிட்ட பாகங்களை வேறு எங்கிருந்து வாங்குவது?

பனியில் ஓடும் கப்பலின் தேய்மானம் சாதாரணக் கப்பலினுடையதைப் போன்றதன்று. கப்பல் தன் சாய்ந்த முன்பகுதியால் பனிமேல் ஏறி, தன் எடையால் அதை நொறுக்குகிறது; நொறுங்கிய பாளங்கள் அடிப்பாகத்தை உராய்ந்து சென்று புரொப்பல்லரில் அடிபடுகின்றன; ஒவ்வோர் அடியும் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் வழியாக எஞ்சின் அறை முழுவதையும் உலுக்குகிறது. பெயின்ட் ஒரே பருவத்தில் உரிந்துபோகும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளிழுக்கும் வாய்களைப் பனிக்கூழ் அடைத்துக்கொள்ளும். 2019 ஜனவரியில் அண்டார்க்டிகாவிலுள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு வழி உடைத்துக்கொண்டிருந்தபோது போலார் ஸ்டாரின் ஷாஃப்ட் சீல் (ஷாஃப்ட் வெளியே செல்லும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் அடைப்பு) கசிந்து தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. பனி உடைப்பதை நிறுத்திவிட்டு, முக்குளிப்போர் அந்த உறைநீரில் இறங்கிக் கப்பலுக்கு வெளியிலிருந்து ஓர் ஒட்டுப் போட, உள்ளே பொறியாளர்கள் சீலைச் சரிசெய்தார்கள். அதே பயணத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. திரும்பும் வழியில் குப்பை எரிக்கும் அறையில் தீப்பற்றியது. அக்கம்பக்கத்தில் உதவிக்கு வர அந்த நாட்டிடம் வேறொரு கனரகப் பனியுடைப்புக் கப்பல் கிடையாது. அந்த எஞ்சின் அறையில் நின்றவர்களின் மனநிலையை என்னால் உணர முடிகிறது.

உதிரிபாகத்தை முன்கூட்டி வாங்கி வைப்பதன் அருமைக்கு அமெரிக்காவின் 'ஹீலி' என்ற நடுத்தரப் பனியுடைப்புக் கப்பல் சான்று. 2020 ஆகஸ்டில் ஆர்க்டிக்குக்குப் புறப்பட்ட அக்கப்பலின் உந்து மோட்டார் ஒன்று தீயில் கெட்டுப்போனது. நூறு டன்னுக்கும் மேல் எடையுள்ள மாற்று மோட்டார் ஒன்றைக் கப்பல் கட்டிய காலத்திலேயே வாங்கி, பால்டிமோரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதைப் பனாமா கால்வாய் வழியாகக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து, கப்பலின் உடலை அறுத்துத் திறந்து பொருத்தினார்கள். அன்று யாரோ ஓர் அதிகாரி, 'இப்போதைக்குத் தேவையில்லை' என்று அந்தச் செலவை வெட்டியிருந்தால், ஒரு மோட்டார் புதிதாகத் தயாராகி வரும்வரை ஹீலி துறைமுகத்திலேயே கிடந்திருக்கும்.

புதிய கப்பல்களின் கதை இதைவிட வருத்தமானது. 2019 ஏப்ரலில் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கட்டுமானத் தளம் ஒன்றுக்கு ஒப்பந்தம் தரப்பட்டபோது, முதல் கப்பல் 2024இல் வரும் என்றார்கள். இப்போது 2030 என்கிறார்கள். மூன்று கப்பல்களுக்கு ஏறத்தாழ 510 கோடி டாலர் ஆகும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2024இல் கணித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனரகப் பனியுடைப்புக் கப்பல் ஒன்றையும் கட்டாத நாட்டில், தடித்த சிறப்பு எஃகை வளைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த கைகள் எத்தனை மிஞ்சியிருக்கும்? பத்தாண்டுக்கு ஒன்றாவது கட்டிவந்திருந்தால் இந்தத் தாமதத்தில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது. ரஷ்யா 2020 முதல் 'ஆர்க்டிகா' வகை அணுசக்திப் பனியுடைப்புக் கப்பல்களை அடுத்தடுத்து இறக்கிவருவதற்குக் கட்டுமானப் பணி அங்கே முற்றிலும் அறுந்துபோகாததும் ஒரு காரணம்.

கட்டாமலும் பராமரிக்காமலும் வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். மெக்மர்டோவுக்கு வழி உடைக்க அமெரிக்கா சில ஆண்டுகள் சுவீடனின் 'ஓடன்' கப்பலை அமர்த்தியிருந்தது. 2011இல், பால்டிக் கடலின் குளிர்காலத்துக்குத் தமக்கே அது வேண்டும் என்று சுவீடன் தர மறுத்தது. கடைசி நேரத்தில் ரஷ்யக் கப்பல் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. இன்றைய உலக அரசியலில் அந்த வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை.

நாமும் 1981இல் முதல் அண்டார்க்டிகப் பயணத்துக்கு 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே கப்பலை வாடகைக்கு எடுத்த நாள் தொட்டு, மைத்ரி, பாரதி நிலையங்களுக்குப் பொருள் கொண்டுசெல்ல அயல்நாட்டுப் பனிக்கப்பல்களையே நம்பியிருக்கிறோம். சொந்தத் துருவ ஆய்வுக் கப்பலுக்கு 2014இல் மத்திய அமைச்சரவை 1,051 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தும் கப்பல் வரவில்லை. அதைக் கட்டுவதற்காக 2025 ஜூனில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. இதை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் அந்தக் கப்பல் ஒன்றே ஒன்றாக இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை தெற்கிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை வடக்கிலும் அதை ஓட்ட நினைத்தால், இரு துருவங்களுக்கும் இடைப்பட்ட நெடும் பயண நாட்களைக் கழித்தபின் கப்பலை நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் ஏற்ற எஞ்சும் நாட்கள் மிகச் சிலவே. அடிப்பாகத்தைச் சுரண்டி, தகட்டின் கனத்தை அளந்து பார்த்தால்தான் எங்கே தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். அவசரத்தில் அந்த அளவீடுதான் முதலில் தள்ளிப்போடப்படும். ஆகவே ஆண்டுக்கு ஒரு துருவம் என்று தொடக்கத்திலேயே வரையறுப்பது நல்லது என்பது என் கருத்து. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், பனிநீரில் செல்லும் வலுவுள்ள 'சாகர் நிதி' கப்பலைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அங்குள்ள பொறியாளர்களின் பராமரிப்புப் பதிவேடுகளைக் கொல்கத்தாவில் வரைபடம் இறுதியாகும் முன்பே கேட்டுப் பெற வேண்டும்.

புவி அறிவியல் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அடுத்து நாடாளுமன்றத்துக்கு வரும்போது, இக்கப்பலின் ஆண்டுப் பராமரிப்புக்கெனத் தனித் தலைப்பு உண்டா, உந்து மோட்டாரும் ஷாஃப்ட் சீலும் உதிரியாகக் கட்டுமான ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளனவா, எந்தத் துறைமுகத்தில் எந்த மாதத்தில் அது டிரை டாக் ஏறும் என்பவற்றை நம் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.