ஆண்டறிக்கை 2024–2025: பணிப்பதிவும் தொடர்பயிற்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சமூகப் பணியாளர்களும் சிறப்பாசிரியர்களும் இணைந்த நம் சங்கத்தின் 2024–2025 ஆம் ஆண்டுச் செயல் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளரின் சான்றுடன் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். செயற்குழு விதிப்படி கூடியது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளும், மார்ச் மாத மூன்றாம் செவ்வாயன்று வரும் உலக சமூகப் பணி நாளும் வழக்கம்போல் நடத்தப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு ஒரே நோக்கத்திற்குச் செலவாயிற்று. நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் செய்யும் பணிக்குரிய கல்வித்தகுதியும் சட்டப்படியான பதிவும் உடையவராக இருக்க வேண்டும் என்பதே அந்நோக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில், ஆட்டிசம் உள்ள சிறுவனின் தாயார் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, எம் பையனுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க இதுக்குன்னு படிச்சவங்கதானான்னு நாங்க எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். இக்கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1993 இல் நடைமுறைக்கு வந்த இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி, சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், மறுவாழ்வுச் சமூகப் பணியாளர் உள்ளிட்டோர் மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்த பின்னரே பணி செய்யலாம்; மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆகவே பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன் பயிற்றுநரின் சி.ஆர்.ஆர். எண்ணை, அதாவது அப்பதிவேட்டில் அவருக்குரிய எண்ணை, தயங்காமல் கேட்குமாறு பெற்றோரிடம் சொன்னோம். அப்படிக் கேட்பது பயிற்றுநருக்கு அவமதிப்பு ஆகாது என்பதையும், எண்ணைத் தாமாகவே வரவேற்பறையில் எழுதி வைப்பதே முறை என்பதையும் உறுப்பினர்களிடமும் வலியுறுத்தினோம்.

இதையொட்டித் தொடங்கிய விண்ணப்ப உதவி முகாம்கள், மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கோவை, ஈரோடு, தாராபுரம் என மாறிமாறி நடந்தன. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் அவினாசிலிங்கம் நிறுவனத்திலும் சிறப்புக் கல்வி பயின்றவர்கள் நம்மிடையே பலர் இருந்தும், படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பதிவு செய்யாதவர்கள் இருந்தார்கள். அதற்கு அலட்சியம் காரணமன்று என்பது முகாம் மேசையில் தாள்களைப் பரப்பிய உடனே புலப்பட்டது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னும், பட்டச் சான்றிதழில் பின்னும் இருக்கும். ஆதாரிலோ தந்தை பெயர் முழுதாக இருக்கும், அல்லது திருமணத்திற்குப் பின் கணவர் பெயராக மாறியிருக்கும். மூன்றும் ஒருவரே என்று நிறுவுவதற்குள் பெண் உறுப்பினர்கள் பெரிதும் அலைக்கழிந்தார்கள். வழக்கறிஞர் ஒருவரின் உதவியுடன் பெயர் வேறுபாட்டு உறுதிமொழிப் பத்திரத்திற்கு மாதிரி ஒன்று தயாரித்துக் கொடுத்தோம். தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் பல அதன் பின்னரே நகர்ந்தன.

சமூகப் பணி முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. முடித்த உறுப்பினர்களின் நிலை வேறு. பொதுவான சமூகப் பணிக்கென்று நாடு முழுமைக்குமான தனி மன்றம் இன்னும் அமையவில்லை. ஆனால் 2021 ஆம் ஆண்டின் இணை மற்றும் சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளரையும் உளமருத்துவச் சமூகப் பணியாளரையும் தன் அட்டவணையில் சேர்த்து, மாநிலப் பதிவேட்டுக்கு வழி செய்திருக்கிறது. மருத்துவமனைகளில் பணிபுரிவோர் இதைக் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.பில். படிப்பும் இருந்தால்தான் ஒருவரை உளமருத்துவச் சமூகப் பணியாளராக ஏற்கிறது. எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு, இப்பிரிவுக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்திருப்பதால், இத்துறையில் நாட்டமுள்ள இளைய உறுப்பினர்கள் காலம் தாழ்த்தலாகாது.

நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் பணியாற்றுவோர் நம் சங்கத்தில் கணிசமானவர்கள். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் வெளியார் ஒருவர் இடம்பெற வேண்டும் என்கிறது. இப்பொறுப்புகள் நம்மவர்களையே தேடி வருகின்றன. பட்டச் சான்று மட்டும் இதற்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம். பணியாளர் தம் பணியை மூத்தவர்முன் வைத்து ஆராயும் மேற்பார்வைக் கலந்துரையாடல் பல்லடத்தில் நடந்தபோது, ஆலை விடுதியொன்றின் நல அலுவலர் தம் பதிவேட்டில் "அப்பெண் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருந்ததை, பெயரையும் ஊரையும் மறைத்து, வாசித்தார். எந்த நேரத்தில் சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள் என்று மூத்த உறுப்பினர் கேட்கக் கேட்க, ஒடிசாவிலிருந்து வந்த அப்பெண் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, உறங்காமல், மேலாளர் உட்கார்ந்திருந்த அறையில் விசாரிக்கப்பட்டது தெரிந்தது. அந்த ஒரு வரியை அழித்து, நேரம், இடம், உடனிருந்தவர், மொழிபெயர்த்தவர் எனத் திரும்ப எழுதியபோது பதிவே வேறாகிவிட்டது. இத்தகைய மேற்பார்வை மாதம் ஒருமுறையேனும் ஒவ்வொரு பணியாளருக்கும் கிடைக்க வேண்டும்.

மறுவாழ்வு மன்றப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க, அங்கீகரிக்கப்பட்ட சி.ஆர்.இ. எனும் தொடர் மறுவாழ்வுக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்றுப் புள்ளிகள் பெற வேண்டும். கட்டணம், பேருந்துச் செலவு, விடுப்பால் இழக்கும் ஊதியம் ஆகிய மூன்றையும் குறைந்த சம்பளத்தில் இருக்கும் பணியாளரே சுமப்பது நியாயமன்று. பயிற்சியின் பயன் நிறுவனத்தையும் சேருவதால் செலவில் பங்கும் அதற்கு உண்டு. இது குறித்து உறுப்பினர்கள் பணிபுரியும் நிறுவனங்களுக்கு எழுதினோம். சில நிறுவனங்கள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்க இசைந்தன. ஏனையவற்றுடன் பேச்சு தொடர்கிறது. பணி விலகும்போதே அனுபவச் சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள் என்றும் உறுப்பினர்களை வேண்டுகிறேன். குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் பொறுப்புக்கு 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் குழந்தைகள் சார்ந்த பணியில் ஏழாண்டு ஈடுபாட்டைக் கேட்கிறது. மூடிப்போன நிறுவனத்திடம் பின்னாளில் சான்று பெற முடியாது.

வரும் ஆண்டில் விண்ணப்ப முகாமைப் பொள்ளாச்சிக்கும் நாமக்கல்லுக்கும் விரிவுபடுத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. பதிவுக் கட்டணம் செலுத்த இயலாத உறுப்பினர்களுக்குச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லா முன்பணம் வழங்குவது என்றும், மேற்பார்வைக் கலந்துரையாடல்களைப் பல்லடத்துடன் நிறுத்தாமல் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடத்துவது என்றும் இரு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்