கண்ணனை அவசரப்படுத்தாதீர்கள்

புனே, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். முதலில் நன்றி. 1919இல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'காளிய மர்தன்' என்ற மௌனப் படம் இன்றும் நம் கண்ணுக்குக் கிடைக்கிறதென்றால், உங்கள் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் பழைய சுருள்களைத் தேடி அலைந்ததுதான் காரணம். 1913இல் வந்த 'ராஜா ஹரிச்சந்திரா' முழுதாக மிஞ்சவில்லை. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' சுருளில் ஓர் அடிகூட எங்களுக்கு இல்லை. அந்த வயிற்றெரிச்சல் உள்ளவன் என்பதால், மிஞ்சியதை எப்படிக் காட்டுகிறோம் என்பதிலும் எனக்குக் கவலை உண்டு.

எங்கள் ஊரில் ஒரு திரையிடலில் 'காளிய மர்தனை'ப் பார்த்தேன். கண்ணன் மடுவில் குதித்துவிட்டான். கரையில் ஆயர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கையால் சுழற்றும் காமிராவில் நொடிக்குச் சுமார் 16 சட்டங்கள் (பிரேம்கள்) என்று எடுத்ததை 24 சட்டங்களாக ஓட்டினால், மூன்று நிமிடத் துயரம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். யாராக இருந்தாலும் கோமாளியாகத்தான் தெரிவார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது படத்தின் தொடக்கம். கதைக்குள் போகும் முன் பால்கே தன் மகள் மந்தாகினியை நிறுத்திவைத்து அவள் முகத்தை மட்டும் காட்டுகிறார். ஏழு வயதுச் சிறுமி. முகத்தில் ஒவ்வொரு பாவமாக வந்து போகிறது. பிறகு அந்த முகமே மெல்லக் கண்ணன் வேடத்துக்குள் கரைகிறது. நீங்கள் பார்க்கப்போவது என் வீட்டுக் குழந்தைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதன் பிறகும் நம்மைக் கும்பிடவைக்கும் துணிச்சல் அது. வேகத்தைக் கூட்டினால் அந்த முகத்தில் வலிப்பு வந்ததுபோல் இருக்கிறது.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூங்கும் கணவனின் தாடியையும் மனைவியின் கூந்தலையும் கண்ணன் சேர்த்து முடிச்சுப்போடும் குறும்புக்கும், பாம்போடு போராடும் கட்டத்துக்கும் ஒரே சோகப் புல்லாங்குழலை ஓடவிட்டார்கள். மௌனப் படம் என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத்துக் கொட்டகை மௌனமாகவா இருந்தது? திரைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக, காட்சிகளுக்கிடையே திரையில் வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பிரதியையும் சரியான வேகத்துக்கு மாற்றிக் கொடுங்கள். கூடவே எல்லா அட்டைகளின் தமிழாக்கமும் ஒரு தாளில் இருக்கட்டும். படிக்க நான் இருக்கிறேன். மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் ஊரில் இருவரிடம் பேசிவிட்டேன். மண்டப வாடகையையும் நாங்களே கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
காளிய மர்தனை மறுபடி நிதானமாகப் பார்க்க விரும்பும் ஒருவன்