கூஸ் குஞ்சுகளுக்குக் கால் கொடுத்தவர்களுக்கு

சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம் பக்கத்துச் சொந்தங்களுக்கும் போனிலேயே பேசி உதவிய மதுரைக்காரர்களுக்கும் வணக்கம். நம்ம வீட்டுக் கூஸ் (வாத்து இனத்துப் பெரிய பறவை) குஞ்சுகள் ஆறும் இப்போது வாய்க்கால் கரையில் அருகம்புல் மேய்கின்றன. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், நடவு வேலை விடவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக: பொரித்த ஆறில் மூன்றுக்குக் கால் சரியில்லை, மூன்றும் மூன்று விதம். ஒன்றுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து வயிறு தரையில் தேய்ந்தது. இன்னொன்றுக்குப் பாதம் விரியவே இல்லை, விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தன. மூன்றாவது முதலில் நன்றாக ஓடியது, அப்புறம் கணுக்கால் மூட்டு வீங்கி ஒரு கால் வெளியே திரும்பிக்கொண்டது. "இதெல்லாம் தேறாது, கழித்து விடு" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் மேல் வருத்தம் இல்லை, நூறும் இருநூறும் வைத்து வளர்ப்பவர்கள் ஒரு குஞ்சுக்காக உட்கார முடியாது.

முதல் நன்றி, அறுத்த வயலில் வாத்து மேய்க்க வந்திருந்த அண்ணனுக்கு. தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குஞ்சைத் தொடவே இல்லை, அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத்தான் உருவி எடுத்தார். "மழை பெய்த வரப்பில் நமக்கே கால் நிற்காது, இது பேப்பரில் எப்படிம்மா நிற்கும்?" என்றார். பழைய சாக்கை மடித்து விரிக்கச் சொன்னார். பிறந்ததும் வழுக்குகிற தரையில் நிற்கப் பழகினால் தொடைத் தசை பிடிப்பே இல்லாமல் கால் அகன்றுவிடுகிறது, பாதி வைத்தியம் தரையிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி தையல்கார அக்காவும் மெடிக்கல் கடைத் தம்பியும் செய்தது. விரிந்த காலை உடம்புக்கு நேர் கீழே கொண்டுவந்து இரண்டையும் இணைத்துக் கட்ட வேண்டும், ஆனால் நடுவில் இடைவெளி விட வேண்டும், ஒட்டிக் கட்டினால் குஞ்சு குப்புற விழும். சாதாரண பிளாஸ்திரி போட்டால் பிரிக்கும்போது தூவியும் தோலும் சேர்ந்து வரும் என்று சொல்லி, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜைத் தம்பிதான் எடுத்துக் கொடுத்தார். அதை மெல்லிய பட்டையாக வெட்டி, எட்டு என்ற எண் வடிவத்தில் இரண்டு காலையும் சுற்றிக் காட்டியது அக்கா. தினமும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னதும் அவர்தான். கூஸ் குஞ்சு வளர்கிற வேகத்துக்கு நேற்றுப் போட்ட கட்டு இன்று இறுக்கிவிடும், ரத்த ஓட்டம் நின்றால் பாதமே போய்விடும். கட்டை அவிழ்த்த நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நீந்தவிட்டுத் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காயவைத்தோம். பொரித்த முதல் சில நாட்களில் எலும்பு இளசாக இருக்கும்போது செய்தால்தான் இது பலிக்கும், தள்ளிப்போட்டால் திரும்பாது.

சுருண்ட விரலுக்குச் செருப்பு செய்தது அக்காவின் மகள், ஏழாம் வகுப்பு. கல்யாணப் பத்திரிகை அட்டையில் பாத அளவுக்கு முக்கோணமாக வெட்டி, விரல்களை நீவி விரித்து, மேலே டேப் ஒட்டினாள். பாப்பா, உன் கைக்கு இருக்கிற நிதானம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது.

இனி டாக்டரம்மா. கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும் வரிசையில் நிற்கும்போது பிளாஸ்டிக் கூடையில் குஞ்சோடு போய் நின்ற என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கவில்லை. முதல் கேள்வியே "என்ன தீனி போடுகிறீர்கள்?" என்பதுதான். கோழிக்குஞ்சுத் தீவனமும் மக்காச்சோளக் குருணையும் என்றதும் விளக்கினீர்கள். பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் நயாசின் என்ற பி வைட்டமின் போதும், கூஸ் குஞ்சுக்கு 65 வேண்டும். மக்காச்சோளத்தில் இருக்கிற கொஞ்சமும் உடம்பில் சேராத வடிவில் கட்டுண்டு கிடக்கும். நயாசின் குறைந்தால் கால் வளையும், மூட்டு வீங்கும். விரல் சுருளுவதற்கு ரிபோஃபிளேவின் என்ற இன்னொரு பி வைட்டமின் குறைவும் ஒரு காரணம். அதனால் தீனியில் ஈஸ்ட் பொடி கலக்கச் சொல்லி, பி காம்ப்ளக்ஸ் டானிக்கும் எழுதிக் கொடுத்தீர்கள். ஆறுக்கும் கொடுத்தோம், நன்றாக இருந்த மூன்றும் அதே தீனியைத்தானே தின்றன.

மூட்டு வீங்கிய குஞ்சுதான் கஷ்டம். கணுக்காலுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓட வேண்டிய தசைநார் பக்கவாட்டில் நழுவியிருந்தது. டாக்டரம்மா காலை நீட்டிப் பிடித்து, விரலால் மெல்லத் தள்ளி இடத்தில் உட்கார வைத்தார், பிறகு மறுபடியும் நழுவியது, மறுபடியும் வைத்தார். மாங்கனீசு, கோலின், பயோட்டின் ஆகிய சத்துகளின் குறைவாலும் இது வருமாம். இன்றும் அது நொண்டித்தான் நடக்கிறது. எடை ஏற ஏற அந்தக் கால் தாங்காமல் போகலாம் என்று மறைக்காமல் சொன்னதற்கும் அவருக்கு நன்றி.

திருமங்கலத்துச் சித்தப்பாவை விட்டுவிட்டால் வீட்டுக்குள் விடமாட்டார். கடலைப் பிண்ணாக்கில் நயாசின் நிறைய இருக்கிறது, ஈஸ்டுக்கு எதற்குக் காசு என்று ஒரு மூட்டையே அனுப்பி வைத்தார். இருக்கிறதுதான். ஆனால் பூஞ்சை பிடித்த கடலையில் வருகிற நச்சு வாத்து இனத்துக் குஞ்சுகளை வெகு சீக்கிரம் கொன்றுவிடும். 1960ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணமே தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்குதான், அதிலிருந்துதான் அந்த நச்சையே கண்டுபிடித்தார்கள். சித்தப்பா, மூட்டை அடியில் ஈரம் ஏறியிருந்தது, அதனால் தென்னைக்கு உரமாகப் போட்டுவிட்டோம், கோபப்படாதீர்கள். உங்கள் அன்பு அடுத்த குலையில் தெரியும்.

பக்கத்து வீட்டு அத்தை, விடியற்காலை சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதற்கு உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. இனிமேல்தான் சத்தம் கூடும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பேண்டேஜ் முக்கால் சுருள் மீதி இருக்கிறது, ஈஸ்ட் பொடியும் இருக்கிறது. வாத்தோ கூஸோ பொரித்து இந்த மாதிரி கால் பிரச்சினை என்றால் அன்றைக்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டுமென்றால் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெட்டித் தருவாள்.