நம்ம கடைவீதியும் உங்கள் வாசல் படியும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் நோட்டு வியாபாரம் கொஞ்சம் ஓயட்டும் என்று இருந்தேன். அத்தை நன்றாக இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வலது முழங்கால்தான் படுத்துகிறது. உன் மகளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

சரி, கடைவீதியைத் தோண்டுகிறார்களாமே, நம் வீட்டுச் சுவருக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயம். ஆமாம், கடைவீதி முழுவதையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து மாரியம்மன் கோயில் வரைக்கும் இரண்டு பக்கமும் புது வடிகால், அதன் மேல் நடைபாதை, நடுவில் தார் ரோடு. உங்கள் வீட்டுச் சுவரை யாரும் தொடப்போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வாசல் படியைப் பற்றி உன்னிடம் பேசியாக வேண்டும். அதற்கு முன்னால் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

இந்தத் தடவை பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடுகிறார்கள். ஒரு மிஷின், அதில் பல் வைத்த உருளை சுற்றிக்கொண்டே தாரைப் பெயர்த்து, பெல்ட் வழியாக நேராக லாரியில் கொட்டுகிறது. பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. 2021-இல் இறையன்பு தலைமைச் செயலாளராக இருந்தபோது, பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே ரோடு போடக்கூடாது, மட்டம் உயரக்கூடாது என்று உத்தரவு போட்டார் அல்லவா, அது நம் ஊருக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். ரோட்டை அறுத்து வைத்தது மாதிரி அடுக்கு அடுக்காகத் தெரிந்தது: கறுப்பாகத் தார், அதன் கீழே ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி, அடியில் செம்மண். நாம் சைக்கிள் ஓட்டிய ரோடு அந்த அடுக்குகளில் எங்கேயோ கீழே கிடக்கிறது.

நம் வீதியின் பாதிச் சீரழிவு அந்த அடுக்குகளில்தான் ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ரோடு ஏற ஏற மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. உங்கள் வீட்டில் மாமா தரையைத் தூக்கிக் கட்டினார்கள். ஏறி இறங்க இடம் இல்லாமல் வடிகாலுக்கு மேலே படி வைத்தார்கள். அடுத்த வீட்டார் அதைவிட உயரமாகத் தூக்கினார்கள். கடைக்காரர்கள் பைக் ஏற்றச் சறுக்கு போட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தண்ணீரிலிருந்து தப்பிக்கச் செய்தார்கள். ஆனால் ஒரு வாசல் ஒரு அடி உயரம், அடுத்தது ஒன்றரை அடி, நடுவில் உடைந்த சிலாப் என்று ஆகிப்போனதில் நடக்கிறவர்களுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

அத்தை மாதா மாதம் பென்ஷன் எடுக்க பேங்க் வரை நடந்து போகிறார்கள். ஒரு நாள் பின்னாலேயே போனேன். உரக்கடை முன்னால் சிலாப் சட்டென்று கீழே இறங்குகிறது. அங்கே நின்று, ஷட்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பி பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, இடது காலை முதலில் ரோட்டில் வைக்கிறார்கள். அப்புறம் நிறுத்தி வைத்த பைக்குகளுக்கு வெளிப்பக்கமாக, ஓடுகிற வண்டிகளோடு வண்டியாக நடக்கிறார்கள். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து வருகிற பஸ் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிறது. எனக்கு நெஞ்சு பதறியது. அத்தைக்கு அது பழகிப்போயிருக்கிறது, அதுதான் இன்னும் வேதனை. 2022-இல் மட்டும் நாடு முழுக்க 32,825 பேர் நடந்து போகும்போது வண்டி மோதி இறந்திருக்கிறார்கள் என்று மத்திய அரசின் விபத்துக் கணக்கு சொல்கிறது.

புது நடைபாதைக்கு அளவு இருக்கிறது மாப்ள. ரோடுகளுக்கு அளவு வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட விதிப்படி, குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி, குறுக்கே எதுவும் இல்லாமல் நடக்க இடம் வேண்டும். கடைத்தெரு என்றால் 2.5 மீட்டர். ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆறு அங்குலம்தானே, அத்தை தானாக ஏறிவிடுவார்கள். தலைக்கு மேலே 2.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், அதனால் தொங்குகிற போர்டுகளும் தார்ப்பாயும் உள்ளே போக வேண்டும். என் கடையின் முன்தட்டியையும் சறுக்கையும் எடுத்தாயிற்று.

பேவர் பிளாக் பதிக்கிற வேலையைத் தினமும் கடையிலிருந்து பார்க்கிறேன். மணலைப் பரப்பி, நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லையும் ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குகிறார்கள். கடைசியில் பொடி மணலைக் கொட்டி விளக்குமாற்றால் இடுக்குகளில் தள்ளுகிறார்கள். அந்தப் பொடி மணலில் சோம்பல்பட்டால் கல் ஆடும், ஆடினால் ஒரே மழையில் பள்ளம் விழும். மேஸ்திரி நல்ல மனிதர், சொன்னால் கேட்கிறார். வேப்பமரத்தின் தூர் வரைக்கும் சிமெண்டு போட இருந்தார்கள். நாலடிக்கு நாலடி மண்ணாக விடச் சொன்னோம், விட்டுவிட்டார்.

மஞ்சள் கல் விஷயத்தில்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கோடு போட்ட கல் என்றால் நேரே நட, புள்ளி வைத்த கல் என்றால் நில், கவனி என்று அர்த்தம். கண் தெரியாதவர்கள் காலாலும் கோலாலும் படிக்கிற பாதை அது. இவர்கள் அலங்காரத்துக்கு வைப்பதாக நினைத்து, கோட்டுக் கல்லை நேராகக் கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்ட வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கிறாரே, கண் தெரியாதவர், அவரையே அழைத்து வந்து நடக்கச் சொன்னோம். கோல் கம்பத்தில் இடித்த சத்தம் கேட்டதும் மேஸ்திரியே கல்லைப் பெயர்க்கச் சொல்லிவிட்டார். ஆனால் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. தார் ஒரு துறை, வடிகால் ஒரு துறை, கம்பம் ஒரு துறை. மாற்றப் பணம் கட்ட வேண்டியவர் ஒருவர், ஆள் அனுப்ப வேண்டியவர் இன்னொருவர். மனு கொடுத்திருக்கிறோம், விடப்போவதில்லை.

தள்ளுவண்டிக்காரர்களை நினைத்தால்தான் கவலை. வேலை முடிந்ததும் எல்லோரையும் துரத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. பருத்திப்பால் வண்டியும் கீரைக்கார அம்மாவும் இல்லாமல் அது நம் கடைவீதியா? 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், வியாபாரம் செய்கிற இடத்தை ஒரு குழு பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். கோயில் பக்கம் வீதி அகலமாகத்தானே இருக்கிறது. அங்கே கோடு கிழித்து இடம் கொடுத்தால் நடக்கிறவர்களுக்கும் வழி, அவர்களுக்கும் பிழைப்பு. இதற்கும் தனி மனு எழுதி வைத்திருக்கிறேன்.

மதுரையில் சித்திரை வீதிகளில் கல் பதித்து அழகாகச் செய்திருக்கிறார்களே, அதே மாதிரி இங்கேயும் செய்ய வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வண்டியே வராது, குழந்தைகள் ஓடி விளையாடலாம். இங்கே பஸ்ஸும் வர வேண்டும், கரும்பு லாரியும் வர வேண்டும். கல்லின் அழகைவிட, பஸ் ஸ்டாண்டில் நடைபாதையில் ஏறியவர் கோயில் வரை ரோட்டில் இறங்காமல் போக முடிகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது.

இப்போது உங்கள் படி. வடிகாலைத் தாண்டி மூன்றரை அடி வெளியே வந்திருக்கிறது. உங்கள் வரிசையில் மற்ற வாசல்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன, உங்கள் வீட்டின் முன்னால் மட்டும் பாதை அறுந்து நிற்கிறது. மாமா கட்டியது என்று உனக்கு மனசு கேட்காது, தெரியும். எனக்கும் அந்தப் படியில் உட்கார்ந்து பேசிய ராத்திரிகள் உண்டு. ஆனால் ரோட்டு மட்டம் இறங்கியிருக்கிறது, வடிகாலும் ஆழமாக இருக்கிறது. மாமா எதற்காக வெளியே படி வைத்தார்களோ அந்தக் காரணம் இப்போது இல்லை.

கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். கிழக்கு ஓரத்தில் திண்ணையை நாலடி வெட்டி, அதற்குள்ளேயே படியை இறக்கிவிடலாம், அந்த இடத்தில் சுவரின் பாரம் எதுவும் இல்லை என்கிறார். படியை உயரம் குறைத்து அகலமாக வைத்தால் அத்தையின் முழங்காலுக்கும் நல்லது. அத்தையிடம் கேட்டேன். “அவன் சரின்னா எனக்கும் சரிப்பா” என்றார்கள். உங்கள் பக்கம் கல் பதிக்க இந்த மாதக் கடைசியில் வருகிறார்கள், அதற்குள் வெட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நீ சரி என்றால் மறுநாளே கொத்தனாரிடம் முன்பணம் கொடுத்துவிடுகிறேன். கைப்பிடி எவர்சில்வர் பைப்பில் போடுவதா, இரும்பில் போடுவதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்