ஞாயிறு வாசிப்பு: டோட்டோ சான்

வணக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்கு ஹரித்ரா நதி தெப்பக்குளத்தின் வடகரையில் கூடுவோம். ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களை வைத்து 1981-ல் எழுதிய புத்தகம்; ஓவியங்கள் சிஹிரோ இவாசாகி. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறையான புதுப் பள்ளியில் சேர்கிறாள். தலைமையாசிரியர் அவள் பேச்சை நாலு மணி நேரம் கேட்கிறார். நாலு மணி நேரம்! இந்த ஜூனில் பள்ளி மாறிய பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள்.

கதையில் வருவது போல டிபன் பாக்ஸில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம். மன்னார்குடியில் மலைக்கு எங்கே போவது? வயலில் விளைந்ததே போதும். கருவாடு சாப்பிடாத வீட்டார் வேதாரண்யம் உப்பு போட்ட மாங்காய் கொண்டு வந்தாலும் சரி, கடல் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

அப்புறம், என் பிரதியை வாங்கிப்போனவர் அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வந்துவிடுங்கள்.