பிரபாவுக்கு, கேமிங் கம்ப்யூட்டர் விஷயமாக

அன்புள்ள பிரபா,

உன் கடிதமும் டெல்லி நேரு பிளேஸ் கடைக்காரர் எழுதிக்கொடுத்த லிஸ்டின் போட்டோவும் வந்தன. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பரே படிக்கிறாள். சயான் கோலிவாடா பில்டிங்கை இடித்துக் கட்டப்போவதால் செம்பூரில் வாடகைக்கு வந்திருக்கிறோம், பாதிச் சாமான் இன்னும் மூட்டையில்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த லிஸ்டை அப்படியே வாங்கிவிடாதே. முதலில் கடைசி வரியைப் பார், "எஸ்எம்பிஎஸ் 500 வாட்" என்று மட்டும் இருக்கிறது, மெஷினுக்கே கரண்ட் கொடுக்கும் பெட்டி அதுதான், ஆனால் கம்பெனி பெயரே இல்லை, விலை ஆயிரத்துக்குள். அதை எடுத்துக் காட்டச் சொல்லி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி. 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதை 12-ஆல் பெருக்கிக்கொள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். கணக்குப் போடும் ப்ராசஸரும் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது முக்கால்வாசி இந்த 12 வோல்ட்டிலிருந்துதான், அதனால் மேலே 500 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் பிரயோஜனமில்லை. நல்ல கம்பெனி 550 வாட்டில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். அக்கா பையனுக்கு இங்கே மும்பை லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் இந்த மாதிரி பெயரில்லாத ஒன்றை மாட்டிக்கொடுத்தார்கள். கேமில் சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் மெஷின் பொசுக்கென்று அணையும், கடைசியில் அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நீ எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடி, இதில் மட்டும் வேண்டாம்.

அப்புறம் ப்ராசஸர் என்று எழுதியிருக்கும் அந்த "ஐ7". பக்கத்திலேயே சின்னதாக நாலாவது ஜென், அதாவது நாலாவது தலைமுறை, என்று இருக்கிறது, கவனித்தாயா? அது 2013-இல் வந்த சிப். விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. ஐ7 என்ற பெயருக்காகவே இதை லிஸ்டில் ஏற்றுகிறார்கள். நாலே கோர் (கணக்குப் போடும் பகுதி) உள்ள ஐ3-12100எஃப் கூட கேமில் அதைத் தாண்டி ஓடும். என்னைக் கேட்டால் ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 வாங்கு, சாதாரண பி450 அல்லது பி550 மதர்போர்டு போதும். பாக்ஸோடு வாங்கு, சூட்டைத் தணிக்கும் கூலர் உள்ளேயே வரும். பாக்ஸ் இல்லாமல் சிப்பை மட்டும் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வாரண்டி யார் தருவது என்று கேட்டுக்கொள்.

பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. உன் அறுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். லிஸ்டில் ஆர்டிஎக்ஸ் 3050 என்று இருக்கிறது, ஆனால் எந்த 3050? 8 ஜிபி, 6 ஜிபி இரண்டும் அதே பெயரில்தான் விற்கின்றன. 2024-இல் வந்த 6 ஜிபியில் மெமரி மட்டும் குறையவில்லை, கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன, மெமரியிலிருந்து தகவல் வரும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96-க்கு இறங்கிவிட்டது. தனியாகப் பவர் கேபிள் இல்லாமலே ஓடும் என்பதால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருக அது அருமையான கார்டு, உனக்கு எதற்கு? கிட்டத்தட்ட அதே விலைக்கு ஆர்எக்ஸ் 6600 கார்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. 8 ஜிபி, 132 வாட், ஃபுல் எச்டி மானிட்டருக்கு இப்போதும் தாராளம்.

ரேம், அதாவது மெமரிக் குச்சிதான் வயிற்றெரிச்சல். 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கே மெமரி எல்லாம் போவதால் விலை ஏறிக் கிடக்கிறது. ரைசன் 7000 பக்கம் போனால் டிடிஆர்5 என்ற புது ரக ரேம் மட்டும்தான் ஏற்கும், அதனாலும்தான் உனக்கு 5600 என்றேன், அதற்குப் பழைய ரகமான டிடிஆர்4 போதும், யாரிடமாவது பழைய குச்சி இருந்தால் கூட ஓட்டலாம். 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8-ஆக வாங்கு, நாலு ஸ்லாட் போர்டு என்றால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போடு. மெஷின் கிளம்பும்போது திறக்கிற பயாஸ் செட்டிங்குக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய், இல்லாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 2400-லோ 2666-லோ ஓட்டிக்கொண்டிருப்பாய்.

கேபினெட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டாம். மே மாதம் 45 டிகிரி போகிற உங்கள் ஊரில் காற்று போக வலை வைத்த முகப்பு வேண்டும், கலர் லைட் இல்லாவிட்டால் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் பில் வாங்கு. பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் குறையும் என்பார்கள், நாளைக்கு கார்டு போனால் அதே ஆள் பில் எங்கே என்று கேட்பார்.

இந்த வயதில் கேமா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கட்டும் விடு. ஒரு மணி நேரத்துக்குக் காசு சேர்த்து சைபர் கஃபேயில் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடியவர்கள் நாம், அப்போது ஆசைப்பட்டதை உன் சம்பாத்தியத்தில் இப்போது வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை. கடையில் அசெம்பிள் செய்து வாங்காமல் பாகங்களாகவே வீட்டுக்குக் கொண்டு போ, மகளை ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல், நான் வீடியோ காலில் கூடவே இருக்கிறேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள், விண்டோஸ் செட்டிங்கில் மானிட்டர் வினாடிக்கு எத்தனை முறை படம் மாற்றும் என்ற எண்ணை 60-லிருந்து 144-ஆக மாற்றுங்கள். இதைச் செய்யாமலே வருஷக்கணக்கில் 60-லேயே ஆடுகிறவர்கள் நிறைய.

புது லிஸ்டை வாங்கி அனுப்பு, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் போட்டோவும் வேண்டும். பொங்கலுக்கு மும்பை வருவாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
கணேசன்