குளம் கலங்கினால் ஃபில்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீச்சல் குளம் கலங்கினாலே குளோரினைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மணல் ஃபில்டரில்தான் இருக்கும்.

1 லட்சம் லிட்டர் குளத்து நீர் 6 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவர, மணிக்குச் சுமார் 17,000 லிட்டர் ஓட வேண்டும். அதற்கு 85 செ.மீ. விட்டமாவது உள்ள ஃபில்டர் தேவை. சிறிய ஃபில்டரில் பெரிய பம்பை மாட்டினால் அழுக்கு மணலில் தங்காமல் குளத்துக்கே திரும்பும். ஆற்று மணல் வேண்டவே வேண்டாம், 0.4 முதல் 0.8 மி.மீ. வரையிலான சிலிக்கா மணலே சரி.

பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) முடிந்ததும் ஃபில்டரின் அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். அழுத்தம் அந்த அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கூடினால்தான் அடுத்த பேக்வாஷ். தினமும் செய்வது வீண். சற்றே அழுக்கேறிய மணல்தான் நுண்துகளையும் பிடிக்கும். வால்வை ஒட்டிய பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும்வரை 2, 3 நிமிடம் பேக்வாஷ், பிறகு அரை நிமிடம் ரின்ஸ் (மணலை அலசிய நீரைக் கழிவில் விடுவது). பம்பை நிறுத்தாமல் வால்வைத் திருப்பாதீர்கள்! உள்ளே கேஸ்கட் (ரப்பர் அடைப்பு) கிழிந்து, நீர் கழிவுக் குழாயில் ஓயாமல் ஒழுகும்.

குளத்தடியில் மணல் படிந்தால் ஃபில்டருக்குள் லேட்டரல் குழாய் (மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் அடிக்குழாய்) உடைந்திருக்கலாம். கடினமான போர்வெல் நீரில் மணல் சுண்ணாம்பேறிக் கட்டிதட்டும்; ஆண்டுக்கொருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

- குளப் பராமரிப்பாளர், சென்னை